லீவு லெட்டர்

லீவு லெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு லேப் அக்கா அரை மணி நேரமாக நிற்கிறார். மகளுக்கு இது ஐந்தாம் மாதம். பேரப்பிள்ளை வரப்போகிற ஜோரில் இப்போதே லீவு கேட்க வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார் டாக்டர்.

"முதல்ல ஸ்லைடு, அப்புறம் லீவு" என்றார், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

யாரோ ஒருவரின் கழுத்துக் கட்டியில் எடுத்த துணுக்கு அது. அந்த லேபில் ஸ்லைடுக்கும் கூட வருகிற ஸ்கேனுக்கும் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். பெயரைப் பார்த்தால் மனசு குறுக்கே வந்து நிற்கும் என்று டாக்டரே போட்ட சட்டம்.

மேலோட்டமாகப் பார்த்தால் மருந்திலேயே கரைந்துபோகிற ரகம். இரண்டு டாக்டர்கள் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். இவருக்குத்தான் நெருடல். அச்சு அசல் அதே வேஷத்தில் வருகிற, அபூர்வமான பொல்லாத புற்று ஒன்று உண்டு. அதனால் வேறொரு சாயம் ஏற்றித் தரச் சொல்லியிருந்தார். பழுப்பாக மாறினால் பொல்லாதது.

சாயம் ஏற்றியது அக்காதான். ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம், ஒரு வாரமாகக் கழுத்தில் மப்ளர், கரகரத்த குரல். வீட்டில் யாரோடு சண்டை என்று டாக்டர் சீண்டியபோது சும்மா சிரித்து வைத்தார்.

டாக்டர் ஸ்லைடை நகர்த்தினார். பார்த்த இடமெல்லாம் பழுப்பு. மனசு கேட்காமல் இன்னொரு முறை பார்த்தார். பதினெட்டு வருஷமாக, பார்த்ததை அக்காவிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது அவர் பழக்கம்.

"வேஷம்தான்க்கா. பொல்லாததேதான். ஸ்கேனைப் பார்த்தா ஆபரேஷனுக்கும் நேரம் தாண்டிப்போச்சு. மூணு மாசம் ஓடினா பெரிசு. யாரு பெத்த பிள்ளையோ, பாவம்."

முகம் தெரியாத அந்த உயிரை நினைத்தபடி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காகவே லெட்டரை வாங்கிப் பிரித்தார்.

"என்னக்கா, எத்தனை நாள்னு எழுதவே இல்லையே? பிரசவத்துக்குத்தான் இன்னும் நாலு மாசம் கிடக்கே?"

அக்கா மப்ளரை மெல்ல அவிழ்த்தார். கழுத்தில், துணுக்கு எடுத்த இடத்தில், சின்னதாக ஒரு பிளாஸ்திரி.

"எத்தனை நாள்னு நீங்க இப்பத்தானே சார் சொன்னீங்க."