பனிக்குள் ஒரு குரல்

மைதானம் முழுக்க வெள்ளைப் பனிமூட்டம். முதல் பாதியில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தியதில், அவருடைய அணியின் கோல்கீப்பர் பையன் நடுங்கிப்போய் இரண்டு கோல் விட்டான்.

இடைவேளையில், ஆட்டம் பார்க்க வந்திருந்த மனைவி அவரைப் பிடித்துக்கொண்டாள். "பச்சப் புள்ளைங்க. கொஞ்சம் தன்மையாப் பேசினா குறைஞ்சா போயிடுவீங்க?"

சுருக்கென்று தைத்தது. திரும்பிப் போய் அதே கம்பத்துக்குப் பின்னால் நின்றார். பனிக்குள் நிழலாகத் தெரிந்த முதுகிடம் மெதுவாகச் சொன்னார்: "பயப்படாதேடா கண்ணா. போனா போகட்டும். நான் இருக்கேன்ல?"

நிழல் தலையாட்டியது. அப்புறம் பறந்தது. வந்த பந்தையெல்லாம் பூப்போலப் பிடித்தது.

"அப்படித்தான் ராஜா!" கனவில் பேசுவதுபோல் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

கடைசி விசில் ஊதியபோது பனி விலகியது. எதிரே நின்றவன் எதிரணி கோல்கீப்பர். இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும் என்பதையே மனுஷன் மறந்திருந்தார்! இத்தனை நேரம் அவன் தடுத்ததெல்லாம் இவர் அணிப் பிள்ளைகள் அடித்த பந்துகள்.

"அடப்பாவி, நான் உன் சார் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா பேசுறத நிறுத்தியிருப்பீங்களே சார்," என்றான் பையன்.