இறுகிய கொக்கி

பெம்பாத் தீவிலிருந்து காலைக் கப்பலில் வந்திறங்கிய வேலைக்காரி மோசாவை, முக்குளிப்புக் கடை முதலாளி கொம்போ வீட்டுக்குக்கூடப் போகவிடவில்லை. நேரே பட்டறைக்கு அழைத்து வந்து, முக்குளிப்பவர்கள் இடுப்பில் கட்டும் ஈயப் பட்டை ஒன்றைக் கையில் திணித்தார். ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் அவிழ்த்துப் போட்டுவிட்டு மேலே வரவேண்டும். ஆனால் கொக்கி உப்பேறித் துருப்பிடித்து, அசையவே மறுத்தது.

“பத்து மணிக்குள்ள இது லேசா திறக்கணும், மோசா.”

“போன மாசமே மாத்தச் சொன்னேனே, பாஸ்!”

“பேச்சு வேணாம். வேலையைப் பாரு.”

வினிகரில் ஊறவைத்தாள், தட்டினாள், குறடால் நெம்பினாள். விரல்கள் கிழிந்த பிறகுதான் கொக்கி திறந்தது. கொம்போவின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

பத்து மணிக்கு போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார். கொம்போ அவரை ‘அஃபாந்தே’ என்று மரியாதையாய் அழைத்து, ஒரே விரலால் கொக்கியைத் திறந்து காட்டினார்.

“பாருங்க அஃபாந்தே, எவ்வளவு சுலபமா திறக்குது! நேத்து இதைக் கட்டியிருந்த சிலிமாதான் பதறிட்டான். அதான் மேல வர முடியாம செத்துட்டான்.”

பத்து வருஷமாய்த் தன்னோடு படகேறிய சிலிமாவா? மோசா ரத்தம் காயாத கைகளை இன்ஸ்பெக்டர் முன் நீட்டினாள்.

“அவன் பதறல, அஃபாந்தே. தரையில உக்காந்து, குறடு வச்சு நெம்பியே இதைத் திறக்க எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு.”