இரண்டு கறுப்பு ராஜா

உடையப்பனைப் போல ஒரு மக்கு மாணவரை செல்வா அதுவரை பார்த்ததில்லை.

"பாஸ், இன்னொரு தடவ சொல்லுங்க. என் கையில ரெண்டு சீட்டு. யாருக்கும் காட்டக் கூடாது. சரியா?" என்று கேட்டார் உடையப்பன்.

"சரிண்ணே."

"மேசையில அஞ்சு சீட்டு. அது யாரோடது?"

"எல்லாருக்கும் பொதுண்ணே!" செல்வா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "மொதல்ல மூணு தெறக்கும். அப்புறம் ஒண்ணு. கடைசியா ஒண்ணு. உங்க ரெண்டு, மேசையில அஞ்சு, மொத்தம் ஏழு. அதுல நல்லதா அஞ்ச எடுத்துக்குங்க. யாரோட அஞ்சு பெருசோ அவன் ஜெயிச்சான். டெக்ஸஸ் ஹோல்டம்னா இவ்ளோதான் லா!"

"பொதுச் சொத்துன்னா அப்புறம் எதுக்குச் சண்டை?"

செல்வாவின் கூட்டாளி மார்கஸ் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஆளில்லாமல் கிடந்த தொழிலாளர் லயத்து வீடு அது. ஞாயிறு மதியமானால் அங்கே வகுப்பு. செல்வா ஆட்டம் சொல்லிக்கொடுப்பான், மார்கஸ் சீட்டைக் கலைத்துப் போடுவான். மார்கஸ் கலைத்தால் சீட்டெல்லாம் செல்வா பேச்சைக் கேட்கும். பேர், ஊர் விசாரிக்கிற வழக்கம் மட்டும் அந்த மேசையில் கிடையாது. நாளைக்கு ஒருத்தன் போலீஸில் மாட்டினாலும் இன்னொருத்தனைக் காட்டிக்கொடுக்க முடியாதே! எல்லோரும் அண்ணன், எல்லோரும் பாஸ்.

இன்றைக்கு இருவர் கண்ணும் வாசலில் நின்ற வெள்ளை ஹைலக்ஸ் பிக்கப் வண்டி மீதுதான். அதிலிருந்து இறங்கி வந்து, "எனக்கும் இந்த ஆட்டத்தைக் கத்துக்குடுங்க பாஸ்" என்று உடையப்பன் கேட்டபோதே மார்கஸுக்கு வாயெல்லாம் பல்.

"அந்த மோட்டார் யாரோடது பாஸ்?" சுவரோரம் சாய்ந்திருந்த நீல மோட்டார் சைக்கிளைக் காட்டிக் கேட்டார் உடையப்பன்.

"அதுவா? போன மாசம் ஒரு பையன் கத்துக்க வந்தான். செரண்டா ஃபேக்டரியில வேலையாம். நல்லாத்தான் கத்துக்கிட்டான். மோட்டார இங்க விட்டுட்டு அழுதுக்கிட்டே நடந்து போயிட்டான்!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உடையப்பனும் சேர்ந்து சிரித்து வைத்தார். பாவம் மனுஷன்! அந்தக் கதையைக் கேட்ட பிறகாவது வண்டியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டாமா? அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பாஸ், கையில சீட்டு சரியில்லன்னா என்ன பண்றது?"

"கவுத்து வெச்சுடலாம். ஃபோல்டு. ஆனா ஆம்பள அடிக்கடி கவுக்க மாட்டான்."

"எல்லாத்தையும் ஒரேயடியா வெச்சுட்டா?"

"அதுக்குப் பேரு ஆல்-இன். வெச்சா வெச்சதுதான். திருப்பி எடுக்க முடியாது."

"அட, அது நல்லாருக்கே!"

முதலில் பாட்டில் மூடிகளை வைத்து ஒத்திகை. வழக்கம்போல மாணவரை ஜெயிக்க விட்டார்கள். மூடிகள் குவியக் குவிய உடையப்பன் முகம் பூரித்துப் போனது. "இனிமே நெசமாவே ஆடலாம் பாஸ்!" என்று அவரே ஆரம்பித்தார்.

ஒரே ஆட்டம்தான். மேசையில் விரிந்த ஐந்தில் நான்கு ஹார்ட்டின். சின்னப் பிள்ளைகூடப் பயந்து சீட்டைக் கவிழ்த்திருக்கும். உடையப்பன் பைக்குள் கைவிட்டு ஹைலக்ஸ் சாவியை எடுத்து நடு மேசையில் வைத்தார்.

"ஆல்-இன்!"

செல்வா தன் பக்கத்தில் இருந்த நோட்டுகளையெல்லாம் அப்படியே தள்ளிவிட்டான். உடையப்பன் பெருமையாகச் சீட்டைத் திருப்பினார். ஸ்பேட் ராஜா, கிளாவர் ராஜா. செல்வா காட்டியதில் ஒன்று ஹார்ட்டின் ஏழு.

"அஞ்சு ஹார்ட்டின் சேந்துருச்சுண்ணே. ஃப்ளஷ்!"

"ரெண்டு ராஜாவ ஒரு ஏழு ஜெயிக்குமா? இது என்ன அநியாயம்!"

"ரூல்ஸ் அப்படிண்ணே. சொன்னேன்ல?"

உடையப்பன் வாசற்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "வண்டிப் பத்திரம், அந்த கிராண்ட், வீட்ல இருக்கு, நாளைக்குக் கொண்டாந்து குடுத்துடறேன். ஐயோ, திலகா என்னைக் கொன்னே போட்டுருவா! பஸ்ஸே வராத தோட்டத்துல எப்படி வீடு போய்ச் சேருவேன்!"

அழுகைச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. மார்கஸ் செல்வாவின் காதைக் கடித்தான்: "இந்த ஆள் இங்கயே உக்காந்து ஒப்பாரி வெச்சா கம்பத்து ஜனமே கூடிரும். அந்தப் பழைய மோட்டாரக் குடுத்துத் தொலைடா."

பெருந்தன்மையாக மோட்டார் சாவியைத் தூக்கிப் போட்டான் செல்வா. உடையப்பன் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

பத்தாங் காலியில் அவர் வீட்டு வாசலில் மோட்டார் வந்து நின்றதும் தம்பி பவனேஷ் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தான். அதன் சீட்டைத் தடவிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு.

"அண்ணே, என் மோட்டார்! ஆட்டத்துல ஜெயிச்சிட்டீங்களா?"

"தோத்துட்டேன்டா. சும்மா இல்ல, ரூல்ஸெல்லாம் ஒழுங்கா கத்துக்கிட்டுத் தோத்தேன். உனக்குச் சொல்லிக்குடுத்த அதே வாத்தியார்தான்."

"அப்போ நீங்க ஓட்டிட்டுப் போன ஹைலக்ஸு?"

உடையப்பன் வீட்டை ஒட்டியிருந்த தன் வொர்க்‌ஷாப்புக்குள் போய் போனை எடுத்தார். தொண்டையைச் செருமி, குரலில் அழுகையை வரவழைத்துக்கொண்டார்.

"ஹலோ, இன்ஸ்பெக்டர் துவானா? நேத்து சர்வீஸுக்கு விட்டுட்டுப் போனீங்களே உங்க ஹைலக்ஸ், அத எவனோ திருடிட்டுப் போயிட்டான் துவான்!"