ஒரே ஒரு சீட்

"தலைய மட்டும் தனியா வெச்சிடு தீபிகா, கொழம்புக்கு வேணும்" என்று சமையலறையிலிருந்து வனஜா குரல் கொடுத்தாள்.

"சரிக்கா" என்றாள் தீபிகா. வீட்டின் பக்கவாட்டுக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை செதில், மூக்கு நுனியில் ஒன்று. குமட்டிக்கொண்டு வந்தது. சொந்த மருமகளாக இருந்தால்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு எழுந்து போயிருப்பாள்.

இவள் மருமகளும் இல்லை, வேலைக்காரியும் இல்லை. வேதியியலில் எம்.எஸ்சி., முதல் வகுப்பு. ஆவடியில் இருக்கும் இந்த வீடு பேராசிரியர் நாகப்பனுடையது; வனஜா அவர் மனைவி. அவரிடம் பிஎச்.டி. சேர்வதற்கான இண்டர்வியூ எப்போதோ முடிந்துவிட்டது. ரிசல்ட்தான் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே போனது.

ஒரு சனிக்கிழமை விசாரிக்க வந்தவளிடம், "வந்ததுதான் வந்தே, அக்காவுக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணிட்டுப் போம்மா" என்றார் நாகப்பன். அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் அண்ணனூரிலிருந்து வந்து நிற்கிறாள். தன்னை நினைத்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அதைவிட அருவருப்பு, போர்ட்டிகோவில் நாகப்பனின் காரைத் தேய்த்துக்கொண்டிருந்த டில்லிபாபுவைப் பார்த்தால். இண்டர்வியூ அன்றைக்கு டிபார்ட்மெண்ட் வாசலில் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவன். நாகப்பனிடம் காலியாக இருந்ததோ ஒரே ஒரு சீட். அதற்குத்தான் இவனும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைகிறான் என்று அவளுக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் தூக்குவதென்ன, வனஜாவின் ஜாக்கெட்டை டெய்லரிடமிருந்து வாங்கி வருவதென்ன! சே, இதெல்லாம் ஒரு ஜென்மமா?

நாகப்பனின் மகள் சிம்ரன் ஓடிவந்து அவன் முதுகில் தொங்கினாள். "டில்லி மாமா, போன வருஷம் ஆன்வல் டேக்கு தலப்பா கட்டி வுட்டியே, இந்த வருஷமும் கட்டுவியா?"

"கட்டிட்டா போச்சு செல்லம்" என்று சோப்பு நுரையும் கையுமாக இளித்தான் டில்லிபாபு.

அடப்பாவி! போன வருஷமே துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறான். தீபிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. கையை அவசரமாகக் கழுவிக்கொண்டு எடுத்தாள். அம்பத்தூர் எஸ்டேட் பெயிண்ட் கம்பெனியின் ஹெச்.ஆர்.

"மேடம், லேப் வேலைக்கு வர்றீங்களா இல்லையான்னு இன்னைக்கு சொல்லிடுங்க. இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"ஒரு பத்து நிமிஷத்துல கூப்பிடறேன் சார்."

நல்ல சம்பளம். வீட்டு முனைக்கே வேன் வரும். லேத் பட்டறையில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டுபோன அப்பா, வேலைக்குப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. ஆனால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளும் ஆசை அவளைப் பள்ளிக்கூடத்திலேயே பிடித்துக்கொண்டது. அதற்காகத்தானே இந்த நாற்றம் எல்லாம்?

நேராக ஹாலுக்குப் போனாள். நாகப்பன் டீப்பாய் மேல் காலை நீட்டிப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு பெயிண்ட் கம்பெனில வேலை வந்திருக்கு. இப்பவே பதில் சொல்லணும். ரிசல்ட் என்னன்னு தெரிஞ்சா..."

"பெயிண்ட் கம்பெனியா? டப்பா டப்பாவா கலக்கிட்டு உக்காரவா எம்.எஸ்சி. படிச்சே?" நாகப்பன் குச்சியைத் தரையில் போட்டார். "உன் பேர்தாம்மா. கமிட்டில பேசி முடிச்சாச்சு. திங்கக்கிழமை போர்டுல போட்டுடுவாங்க."

தீபிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் அடித்த மீன் நாற்றம்கூட ஒரு நிமிடம் மறந்துபோனது. போர்ட்டிகோவுக்கு ஓடிவந்து ஃபோனைப் போட்டாள்.

"சாரி சார், நான் வரல. எனக்கு பிஎச்.டி. சீட் கிடைச்சிடுச்சு."

"அப்படியா? சரிங்க மேடம், அடுத்தவங்களைக் கூப்பிட்டுக்கறோம்." அத்தோடு லைன் கட்டானது.

திரும்பினால் டில்லிபாபு நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருப்பான். ஜெயித்த மிதப்பில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாய் துறுதுறுத்தது. கார் மிதியடியை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. நீங்களும் எவ்வளவோ பண்ணீங்க. ஆனா சீட் எனக்கு வந்துடுச்சு. நீங்க வேற எங்கயாவது ட்ரை பண்ணுங்க."

டில்லிபாபு அவளை ஏற இறங்கப் பார்த்தான். மிதியடியைக் கீழே வைத்துவிட்டு, தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா சீட்டு? நான் இவுருகிட்ட பிஎச்.டி. சேந்து ஏழாவது வருஷம் ஓடிக்கினு கீது."