கல்யாண நாள் சூப்

"முதல்ல வழக்கமான மீன் சூப், ரெண்டு," என்றார் கணவர், வயதான சர்வரிடம். மனைவி பல்லைக் கடித்தாள்.

ஊரிலேயே உசத்தியான ஓட்டல் அது. ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அங்கேதான் சாப்பாடு. அந்த சூப்போ, ஊறப்போட்ட கோணிப்பை மாதிரி தெருமுனை வரை நாறும்.

"உங்களுக்குப் பிடிக்குமேன்னு இத்தனை வருஷமா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குடிச்சேன். இனிமே என்னால முடியாது."

கணவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கா பிடிக்கும்? உனக்கு அதுன்னா உயிருன்னுல்ல நான் ஆர்டர் பண்றேன். உன் கிண்ணத்துலேர்ந்து பாதியை எனக்கு ஊத்துவியே, அதைக்கூட பாசம்னு நினைச்சுக் குடிச்சேன்."

"ஒழிஞ்சா போதும்னு ஊத்தினேன்."

சர்வர் தொண்டையைச் செருமினார். "அம்மா, அந்த சூப்பை மெனுவுலேர்ந்து தூக்கிப் பல வருஷமாச்சு. நீங்க ரெண்டு பேரும் ஆசையா வர்றீங்களேன்னு உங்களுக்காக மட்டும்தான் செய்றோம். செஞ்ச அன்னைக்கு எங்க சமையல்காரரை அவர் வீட்டுல உள்ளேயே விடறதில்ல."

"ஐயோ, இனிமே வேண்டாம்னு சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

சர்வர் வேகமாக உள்ளே போனார். கதவு மூடுவதற்குள் சமையலறையில் கைதட்டல் எழுந்தது.