புரொஜெக்டர் வயர்

புரொஜெக்டர் வயர் தன் கைக்கு வந்ததும், சிவபிரகாஷ் அதைப் பாம்பைப் பிடித்தவன் போலப் பிடித்துக்கொண்டான்.

செருகினால் அவன் லேப்டாப் திரை அப்படியே சுவரில் தெரியும். தெரிந்தால் மானம் போகும். செருகாவிட்டால் வேலை போகும்.

வேலை என்றால், எதிரே உட்கார்ந்திருந்த ரேணுகா மேடம் தரப்போகிற வேலை. ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் லினக்ஸ் சொல்லித்தர ஆள் தேடி, காரைக்குடி லினக்ஸ் நண்பர்கள் ஏழு பேர் மாதம் ஒரு ஞாயிறு கூடும் இந்த மாடி ஹாலுக்கே வந்துவிட்டார். சிவபிரகாஷுக்குச் சென்னை வேலை போய் எட்டு மாதம். மாமனார் வீட்டுச் சோற்றை அவர் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடப் பழகியிருந்தான்.

"நீங்க தினமும் வேலை பாக்குற மிஷினக் காட்டுங்க, போதும்" என்று மட்டும்தான் மேடம் சொன்னார்.

வினையே அதுதான்.

கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸ் ஒன்றுதான், அதை ஆளுக்கொரு விதமாகச் சமைத்துப் பரிமாறுகிறார்கள். ஆர்ச் கைதேர்ந்தவர்களுக்கு, மின்ட் இப்போதுதான் பழகுகிறவர்களுக்கு என்பது பேச்சு. அந்தப் பேச்சை இந்த ஹாலில் வளர்த்துவிட்டதே சிவபிரகாஷ்தான். மின்ட்டுக்கு 'நடைவண்டி' என்று பட்டப்பெயர் வைத்தான். மின்ட்டோடு வந்த தபால் ஆபீஸ்காரர் ஒருவரைக் கிண்டலடித்தே விரட்டினான்.

மூன்று மாதத்துக்கு முன்னால், இன்டர்வியூ அன்று காலையில் சும்மா இருக்காமல் எதையோ நோண்டினான். அவனுடைய ஆர்ச் எழுந்திருக்கவே இல்லை. இன்டர்வியூவும் போயிற்று. அன்றைக்கே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மின்ட் போட்டான்.

அது பாட்டுக்கு ஓடியது. உண்மையைச் சொன்னால் அவனுக்குப் பிடித்தும் போயிற்று. அதுதான் பெரிய வெட்கம்.

"அருளு, நீ காட்டப்பா மொதல்ல" என்று வயரை நகர்த்திவிட்டான்.

அருள்பாண்டி எதற்கும் முந்திக்கொண்டு படம் காட்டுகிறவன். இன்றைக்குப் பார்த்து சார்ஜ் இல்லை என்றான். சத்தியப்பிரியா, திரையில் ஏதோ கோளாறு என்றாள். மற்ற நால்வரில் ஒருவர் லேப்டாப்பே கொண்டுவரவில்லையாம். ஒருவருக்குப் பை ஜிப் திறக்கவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒதுங்கினார்கள்.

சிவபிரகாஷுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வேலையை வேண்டாமென்று சொல்கிற ஆட்களா இவர்கள்? தன் குட்டு எப்படியோ வெளிப்பட்டு, நீயே வந்து மாட்டிக்கொள் என்று காத்திருக்கிறார்களோ? அருள்பாண்டியின் முகத்தைப் பார்த்தான். அருள்பாண்டி மின்விசிறியைப் பார்த்தான்.

வயர் கடைசி நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தது.

அங்கே முத்துமாரி அக்கா. நேமத்தான்பட்டியில் பலகாரக் கடை வைத்திருக்கிறவர். பிரிண்டர் ஓடவில்லை என்று சந்தேகம் கேட்க இன்றைக்குத்தான் முதல்முதலாக வந்திருந்தார். பழைய லேப்டாப், மாவு படாமலிருக்க கீபோர்டின் மேல் ஒரு பாலித்தீன் தாள். பாவம், இவர் என்னத்தைக் காட்டப்போகிறார் என்று சிவபிரகாஷ் நினைத்து முடிப்பதற்குள் அக்கா வயரைச் செருகிவிட்டார்.

சுவர் கறுத்தது. படம் இல்லை, மெனு இல்லை. திரை நாலாகப் பிரிந்து, ஒன்றில் அதிரச ஆர்டர், ஒன்றில் மனகோல ஆர்டர், ஒன்றில் சிங்கப்பூர் பார்சல் கணக்கு. அவர் பாலித்தீன் மேல் தட்டத் தட்டப் பட்டியல்கள் இடம் மாறி உட்கார்ந்தன.

ஆர்ச். அதுவும் மவுஸ் பக்கமே போகாமல் ஓட்டுகிற ஆர்ச். சிவபிரகாஷே பாதியில் விட்டுவிட்ட வித்தை.

"எண்ணெய்க் கைக்கு டச்பேட் நிக்க மாட்டேங்குது சார். யூடியூபப் பாத்து நானாத்தான் போட்டுக்கிட்டேன். தப்பா ஏதும் பண்ணிட்டேனா?"

ஏழு பேரும் சுவரையே அண்ணாந்து பார்த்தார்கள். யார் புதுசு, யார் பழசு என்பதே சிவபிரகாஷுக்குக் குழம்பிப்போயிற்று.

ரேணுகா மேடம் மட்டும் பெருமூச்சு விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. எங்க பிள்ளைகளுக்கு இது ஆகாதே. லேப்ல நாப்பது மிஷின்லயும் மின்ட்தான் போட்டிருக்கோம். தினமும் அதையே பொழங்குற ஆளா வேணும்னுதான் வந்தேன். உங்கள்ல யாராச்சும் மின்ட் வச்சிருக்கீகளா?"

சிவபிரகாஷின் கை மடியிலேயே கிடந்தது. தூக்கினால் அருள்பாண்டி ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். தூக்காவிட்டால் இன்றைக்கும் மாமனாருக்கு எதிரே இலை. இவ்வளவு நாள் பேசிய பேச்செல்லாம் அந்தக் கையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது.

போனால் போகிறது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையைத் தூக்கினான்.

யாரும் சிரிக்கவில்லை.

மெல்லக் கண்ணைத் திறந்தான். ஹாலில் ஆறு கைகள் ஏற்கெனவே மேலே நின்றுகொண்டிருந்தன. ரேணுகா மேடம் அருள்பாண்டியின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி முடித்து, பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.