அறுபது விநாடி

“கதவு திறந்த உடனே அலறணும், தம்பி. ஒரு விநாடிகூடப் பொறுக்கக்கூடாது” என்றாள் அந்த அம்மாள்.

அலாரம் மாட்ட வந்தவன் கீபேடிலிருந்து கையை எடுத்தான்.

வெளியிலிருந்து வருகிறவர்கள் கதவைத் திறந்து, ரகசிய எண்ணை அழுத்தி, அலாரத்தை அமர்த்தக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான் வைப்பான். அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

“வர்றவங்களைப் பத்திக் கவலையில்லை. உள்ளேயிருந்து வெளியே போயிடக்கூடாது. தாழ்ப்பாள், பூட்டு எல்லாம் போட்டுப் பாத்தாச்சு. கேட்டைத் தாண்டினா மெயின் ரோடு. லாரி நிக்காம ஓடுது.”

அவன் கூடத்து நாற்காலியைப் பார்த்தான். அவள் கணவர் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. மடியில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

அவனுக்குப் புரிந்துவிட்டது.

மனசு கேட்கவில்லை. திருடனுக்கு வைக்கிற அலாரத்தைக் கட்டின புருஷனுக்கு வைக்கிறாளே. சைரன் தெருமுனை வரை கேட்குமா, பின்வாசலுக்கும் உண்டா, கரண்ட் போனால் வேலை செய்யுமா என்று காய்கறி வாங்குகிறவள் மாதிரி துருவித் துருவிக் கேட்கிறாள். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. இத்தனை வருஷம் அந்த ரோட்டைக் கடந்துதானே மனுஷர் வேலைக்குப் போய் வந்திருப்பார்? இன்றைக்கு வாசலில் கொஞ்சம் காற்று வாங்கினால் குடியா முழுகிவிடும்?

அவள் பின்வாசலைப் பார்க்க எழுந்து போனாள்.

அவன் சட்டென்று கதவுக்கான அவகாசத்தை மாற்றினான். சைபர் இருக்க வேண்டிய இடத்தில் அறுபதைப் போட்டான். சைரன் கத்துவதற்குள் ஒரு முழு நிமிஷம். பாவம், அதுவாவது அவருக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டான். ஏதோ புண்ணியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

அவள் திரும்பி வந்ததும், “இனி ரகசிய எண்தான் பாக்கிம்மா. நீங்களே அழுத்துங்க, நான் பாக்க மாட்டேன்” என்று சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான். அவன் தொழிலில் அது ஒரு மரியாதை.

“என்னங்க, கொஞ்சம் வாங்க” என்று கணவரைக் கூப்பிட்டாள்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் கீபேடுக்கு முன்னால் வந்து நின்றார். அவளோ இவன் பக்கத்தில் வந்து, இவனைப் போலவே சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

“நீங்க பாக்கலாம்மா. வெளி ஆள் நான்தான் பாக்கக்கூடாது.”

“நான்தான் பாக்கக்கூடாது, தம்பி. எந்திரிச்சுப் போறவளே நான்தானே. எங்கே போறேன், எதுக்குப் போறேன்னு ஒண்ணும் தெரியறதில்லை. என்னைக் காவல் காத்துக் காத்து அவர் தூங்கியே பல நாள் ஆச்சு. புத்தி தெளிவா இருக்கறப்பவே நானே முன்னால நின்னு செஞ்சு வச்சுடணும்னு பாத்தேன்.”



பின்னால் கீபேட் நாலு முறை கீச்சிட்டது.

“ஐயா, கொஞ்சம் நகருங்க. ஒண்ணு தப்பாப் போட்டுட்டேன்” என்றான். அறுபதை அழித்துச் சைபர் போட்டான்.

பிறகு அலாரத்தை இயக்கிவிட்டுக் கதவைத் திறந்தான்.

வீடே அதிர்ந்தது. அம்மாள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

சைரன் நிற்காமல் அலறியது. அதை நிறுத்தும் எண் தெரிந்த ஒரே மனிதர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.